அரிதாகும் நோ-ஹிட்டர்: முடிவு செய்வது பேட்டரின் மட்டையா, மேலாளரின் கையா?

புது தில்லி: அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2025 செப்டம்பர் 6 அன்று நடைபெற்ற பேஸ்பால் ஆட்டத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஜப்பானியப் பந்துவீச்சாளர் யோஷினோபு யமமோட்டோ, பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் 26 அவுட்களை எடுத்திருந்தார். ஆட்டம் முடிய இன்னும் ஒரே ஓர் அவுட் மட்டுமே தேவைப்பட்டது. அந்த நிலையில் அவர் வீசிய 112-ஆவது பந்தை ஜாக்சன் ஹாலிடே வலப்புறச் சுவருக்கு அப்பால் அடித்து ஹோம் ரன் ஆக்கினார். யமமோட்டோ உடனே மாற்றப்பட்டார். அடுத்தடுத்து வந்த இரு மாற்றுப் பந்துவீச்சாளர்களாலும் அந்தக் கடைசி அவுட்டை எடுக்க முடியவில்லை. 3-0 என முன்னிலையில் இருந்த டாட்ஜர்ஸ், 4-3 என்ற கணக்கில் தோற்றது.

அதற்கு ஒரு மாதம் முன்னதாக, ஆகஸ்ட் 6 அன்று, கிளீவ்லாந்து கார்டியன்ஸ் அணியின் கேவின் வில்லியம்ஸ், நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை ஹிட் கொடுக்காமல் வந்தார். ஜுவான் சோட்டோவின் ஹோம் ரன் அதனைக் கலைத்தது. இவ்வாறு கைக்கெட்டும் தொலைவு வரை வந்து நழுவிய வாய்ப்புகளுடன், 2025-ஆம் ஆண்டின் மேஜர் லீக் பேஸ்பால் பருவம் ஒரு நோ-ஹிட்டர் கூட இல்லாமல் நிறைவடைந்தது. 2005-ஆம் ஆண்டுக்குப் பின்னர் இவ்வாறு நிகழ்ந்தது இதுவே முதல் முறையாகும்.

இதனைத் தற்செயல் என்று விட்டுவிடலாமா, அல்லது ஒரு விளையாட்டின் இயல்பே மாறிவருவதன் அடையாளமாகக் கொள்ள வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. எண்களை மட்டும் பார்த்தால் முதல் விடையே பொருந்துகிறது. ஆனால், ஆட்டத்தை முடிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்று பார்க்கும்போது, இரண்டாவது விடையைப் புறக்கணிக்க இயலவில்லை.

நோ-ஹிட்டர் என்றால் என்ன?

பேஸ்பாலில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ் உண்டு. ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்கள் என்ற கணக்கில், ஓர் அணியை முழுமையாக ஆட்டமிழக்கச் செய்ய 27 அவுட்கள் தேவை. பேட்டர் பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் பிழை ஏதுமின்றிப் பாதுகாப்பாக பேஸை அடைவதே ஹிட் எனப்படுகிறது. ஆட்டம் முழுவதும் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கிடைக்காவிட்டால் அது நோ-ஹிட்டர். கிரிக்கெட் பழகிய இந்திய வாசகர்களுக்கு, டெஸ்ட் இன்னிங்ஸ் ஒன்றில் ஒரே பந்துவீச்சாளர் பத்து விக்கெட்டுகளையும் கைப்பற்றுவதை இதற்கு இணையாகச் சொல்லத் தோன்றும். ஆனால் அச்சாதனை டெஸ்ட் வரலாற்றில் ஜிம் லேக்கர், அனில் கும்ப்ளே, அஜாஸ் படேல் ஆகிய மூவருக்கு மட்டுமே வாய்த்தது. நோ-ஹிட்டர் அந்த அளவுக்கு அரிதன்று. 1876-இல் செயின்ட் லூயிஸ் அணியின் ஜார்ஜ் பிராட்லி முதல் நோ-ஹிட்டரை வீசியதிலிருந்து இன்றுவரை 320-க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன.

நோ-ஹிட்டரில் பேட்டர் பேஸை அடையவே கூடாது என்பதில்லை. நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் ‘வாக்’ மூலமாகவோ, தடுப்பாட்டப் பிழையாலோ அவர் பேஸை அடையலாம். 2010 ஜூன் 25 அன்று அரிசோனா அணியின் எட்வின் ஜாக்சன் எட்டு ‘வாக்’ கொடுத்து, 149 பந்துகள் வீசி ஒரு நோ-ஹிட்டரை முடித்தார். எந்த வகையிலும் ஒருவர் கூட பேஸை அடையாமல், வந்த 27 பேரும் வந்தவாறே திரும்பினால் அது ‘பெர்ஃபெக்ட் கேம்’. அத்தகைய ஆட்டங்கள் இதுவரை 24 மட்டுமே. கடைசியாக அதனைச் செய்தவர் நியூயார்க் யாங்கீஸ் அணியின் டொமிங்கோ ஹெர்மன். நாள் 2023 ஜூன் 28.

ஹிட் கொடுக்காதவர் வெற்றி பெறுவார் என்ற உறுதியும் கிடையாது. 1964 ஏப்ரல் 23 அன்று ஹூஸ்டன் அணியின் கென் ஜான்சன், ஒன்பது இன்னிங்ஸ் முழுவதும் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல், பிழைகளால் விழுந்த ஒற்றை ரன்னால் சின்சினாட்டியிடம் தோற்றார். தனியொருவராக ஒன்பது இன்னிங்ஸ் நோ-ஹிட்டர் வீசித் தோற்றவர் அவர் ஒருவரே.

எதனை நோ-ஹிட்டராகக் கணக்கில் கொள்வது என்பதிலும் கடுமை உண்டு. குறைந்தது ஒன்பது இன்னிங்ஸ் நீடித்து, ஹிட் இன்றியே முடியும் ஆட்டம் மட்டுமே நோ-ஹிட்டர் என மேஜர் லீக் பேஸ்பாலின் புள்ளிவிவரத் துல்லியக் குழு 1991-இல் வரையறுத்தது. அதன் விளைவாகச் சுமார் 50 ஆட்டங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

எண்கள் உணர்த்துவது

நோ-ஹிட்டர் ஏன் அரிது என்பதை எளிய கணக்கு ஒன்றால் விளங்கிக்கொள்ளலாம். பேட்டர்களின் சராசரியை .250 எனக் கொள்வோம். அதாவது, நான்கு முயற்சிகளில் ஒன்று ஹிட் ஆகிறது, மூன்று வீணாகின்றன. ஹிட் ஏதுமின்றி 27 பேரைத் தொடர்ந்து வெளியேற்ற வேண்டுமெனில், நான்கில் மூன்று என்ற அந்த வாய்ப்பு 27 முறை அடுத்தடுத்துக் கைகூட வேண்டும். அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2,360-இல் ஒன்று.

மேஜர் லீக்கில் 30 அணிகள் ஒரு பருவத்தில் 2,430 ஆட்டங்களை ஆடுகின்றன. ஆட்டத்துக்கு இரு அணிகள் வீதம் 4,860 வாய்ப்புகள். அதன்படி ஆண்டுக்குச் சுமார் இரண்டு நோ-ஹிட்டர்களை எதிர்பார்க்கலாம். கடந்த 150 பருவங்களின் சராசரியும் இதையொட்டியே அமைந்துள்ளது. ஆண்டுக்கு இரண்டு எதிர்பார்க்கப்படும் ஒன்று, ஏதேனும் ஓர் ஆண்டில் அறவே நிகழாமல் போவதற்கான வாய்ப்பு ஏழில் ஒன்று. எனவே, 2025-இன் வெறுமையை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. 2000-ஆம் ஆண்டிலும் நோ-ஹிட்டர் இல்லை. அடுத்த ஆண்டே மீண்டும் வந்தது.

அதே கணக்கு மற்றொன்றையும் உணர்த்துகிறது. பேட்டர்களின் சராசரி .250-இலிருந்து .230-ஆகக் குறைந்தால், எதிர்பார்க்கத்தக்க நோ-ஹிட்டர்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து நான்காக உயர்ந்துவிடுகிறது. சிறிய சரிவுக்கு இத்தனை பெரிய விளைவு. 2021 பருவத்தின் தொடக்க மாதங்களில் சராசரி .240-க்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த ஆண்டில் ஒன்பது நோ-ஹிட்டர்கள் வீசப்பட்டு, 1884-ஆம் ஆண்டின் எட்டு என்ற சாதனை முறியடிக்கப்பட்டது. பந்தில் பிசுபிசுப்பான பொருள்களைத் தடவி வீசுவதாக எழுந்த புகார்களைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஜூன் மாதம் நடுவர்கள் பந்துவீச்சாளர்களைச் சோதனையிடத் தொடங்கினர். 2023-இல் பந்து வீசுவதற்குக் காலக்கெடு விதிக்கப்பட்டது. களத்தடுப்பு வீரர்களை ஒரே பக்கமாகக் குவிப்பதும் கட்டுப்படுத்தப்பட்டது.

பந்துவீச்சு மேலோங்கும்போதெல்லாம் விதிகள் பேட்டரின் பக்கம் சாய்வது புதிதன்று. பந்துவீச்சாளர்களின் ஆண்டு என்றே அழைக்கப்படும் 1968-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பாப் கிப்சன், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்கள் மட்டுமே கொடுத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோவில், அந்தக் கிப்சனையே எதிர்த்து வீசிய கேலார்ட் பெர்ரி, கார்டினல்ஸ் அணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் 1-0 என வென்றார். மறுநாளே, அதே மைதானத்தில், கார்டினல்ஸ் அணியின் ரே வாஷ்பர்ன் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிக்கு எதிராக நோ-ஹிட்டர் வீசிக் கணக்கைத் தீர்த்தார். 1969-இல் பந்துவீச்சு மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

இருவர் நடத்திய போர்

நோ-ஹிட்டரின் மதிப்பை உயர்த்துவது எதிர்முனையில் நிற்கும் மற்றொரு பந்துவீச்சாளரே. 11-0 என்ற கணக்கில் வெல்லும் ஆட்டத்தில் ஒரு ஹிட் விழுந்தால் சாதனை மட்டுமே கைநழுவும். 0-0 என்ற நிலையில் ஒரு ஹிட் விழுந்தால் ஆட்டமே பறிபோகலாம். இரு பந்துவீச்சாளர்கள் மாறி மாறி மேடேறி, ஒருவரை ஒருவர் நேரடியாகச் சந்திக்காமலேயே நடத்தும் இந்தப் போரில், முதலில் தளர்பவர் தோற்பார்.

அதன் உச்சமான எடுத்துக்காட்டு 1917 மே 2 அன்று சிகாகோவில் நிகழ்ந்தது. சிகாகோ கப்ஸ் அணியின் ஹிப்போ வாகனும் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் ஃபிரெட் டோனியும் ஒன்பது இன்னிங்ஸ் வரை ஒருவருக்கொருவர் சளைக்காமல் ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. மேஜர் லீக் வரலாற்றில் இது வேறெப்போதும் நிகழ்ந்ததில்லை. பத்தாவது இன்னிங்ஸில் வாகன் முதல் ஹிட்டைக் கொடுத்தார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கங்களை வென்ற ஜிம் தோர்ப் மெல்லத் தட்டிவிட்ட பந்தில் வெற்றி ரன் வந்தது. டோனி பத்தாவது இன்னிங்ஸையும் ஹிட் இன்றி முடித்தார்.

1959 மே 26 அன்று மில்வாக்கியில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் ஹார்வி ஹாடிக்ஸ், 12 இன்னிங்ஸ்களில் 36 பேரையும் தொடர்ந்து ஆட்டமிழக்கச் செய்தார். இருந்தும் அவருடைய அணியால் ஒரு ரன் எடுக்க முடியவில்லை. மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் லூ பர்டெட் 12 ஹிட்கள் கொடுத்தும் ரன் கொடுக்கவில்லை. பதின்மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு தடுப்பாட்டப் பிழையும், அதனைத் தொடர்ந்து ஜோ ஆட்காக் அடித்த பந்தும் ஹாடிக்ஸைத் தோற்கடித்தன. 1991 வரையறையின்படி இந்த ஆட்டம் நோ-ஹிட்டர் பட்டியலில் இல்லை.

1963 ஜூலை 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 42 வயது வாரன் ஸ்பானும் 25 வயது ஜுவான் மரிச்சலும் 16 இன்னிங்ஸ் வரை மேட்டிலிருந்து இறங்க மறுத்தனர். இறுதியில் வில்லி மேஸின் ஹோம் ரன்னால் மரிச்சல் 1-0 என வென்றார். இருவரும் தலைக்கு 200-க்கும் மேற்பட்ட பந்துகளை வீசியிருந்தனர்.

நோ-ஹிட்டரும் இருவர் போரும் ஒன்றாகச் சேர்ந்த நாள் 1965 செப்டம்பர் 9. டாட்ஜர்ஸ் அணியின் சாண்டி கோஃபாக்ஸ், எர்னி பேங்க்ஸ், ரான் சாண்டோ, பில்லி வில்லியம்ஸ் ஆகியோர் அடங்கிய கப்ஸ் அணியின் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். அவர்களுள் 14 பேர் ஸ்ட்ரைக் அவுட் ஆயினர். அதிலும் கடைசி ஆறு பேர் தொடர்ச்சியாக வீழ்ந்தனர். எதிர்முனையில் வீசிய பாப் ஹெண்ட்லி கொடுத்தது ஒரே ஒரு ஹிட். ஆட்டத்தின் ஒற்றை ரன்னுக்கும் அந்த ஹிட்டுக்கும் தொடர்பில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் ‘வாக்’ மூலம் முதல் பேஸை அடைந்த லூ ஜான்சன், இரண்டாவது பேஸுக்கு நகர்த்தப்பட்டு, மூன்றாவது பேஸைத் திருடும்போது கேட்சர் பந்தைத் தவறாக எறிந்ததால் ரன் எடுத்தார். தோற்ற ஹெண்ட்லி ஐந்து நாள்களுக்குப் பின் அதே கோஃபாக்ஸை எதிர்த்து மீண்டும் வீசி, 2-1 என வென்றார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மேலாளரின் கை

இந்த ஆட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவற்றை முடித்து வைத்தது மட்டையோ, பிழையோ, கடைசி அவுட்டோ மட்டுமே. பந்துவீச்சாளரை மேட்டிலிருந்து இறக்கும் மேலாளரின் முடிவு அன்று. இன்று அந்த நிலை மாறிவிட்டது.

1965-இல் கோஃபாக்ஸ் ஒருவரே 27 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் இறுதி வரை தனியாக வீசி முடித்தார். 2024-இல் 30 அணிகளின் பந்துவீச்சாளர்கள் அனைவரும் சேர்ந்து முடித்தவை 28 மட்டுமே. இதற்கான காரணம் தெளிவானது. ஒரே பந்துவீச்சாளரை மூன்றாவது முறை எதிர்கொள்ளும்போது பேட்டர்கள் சிறப்பாக ஆடுகின்றனர் என்பதைப் புள்ளிவிவரங்கள் நிறுவியுள்ளன. ஓர் இன்னிங்ஸ் மட்டுமே முழு வேகத்தில் வீசும் மாற்றுப் பந்துவீச்சாளர்கள் ஒவ்வோர் அணியிலும் பலர் உள்ளனர். ஆகவே, சோர்ந்தவருக்குப் பதிலாகப் புதியவரைக் கொண்டுவருவதே அணிக்கு நன்மை தருவதாகக் கணக்கிடப்படுகிறது. 2020 முதல், ஒரு பருவம் நீங்கலாக அன்று, எல்லாப் பருவங்களிலும், பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் ஒரு வீரரை நிறுத்தியே வழக்கமான ஆட்டங்கள் தொடங்குகின்றன. ஆதலின், 16 இன்னிங்ஸ் வரை 0-0 என நீளும் ஆட்டம் இனி ஏறத்தாழ இயலாத ஒன்று.

பிளேக் ஸ்னெல்லின் வாழ்க்கையே இந்த மாற்றத்துக்குச் சான்று. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பே ரேஸ் அணிக்காக வீசிய அவர், ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, இரண்டே ஹிட்கள் கொடுத்த நிலையில், 73 பந்துகளோடு திரும்ப அழைக்கப்பட்டார். டாட்ஜர்ஸ் உடனே முன்னிலை பெற்றுக் கோப்பையையும் வென்றது. அதே ஸ்னெல், 2024 ஆகஸ்ட் 2 அன்று ஜயண்ட்ஸ் அணிக்காகச் சின்சினாட்டியில் நோ-ஹிட்டர் வீசினார். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை இருமுறை வென்ற ஒருவர், தம் மேஜர் லீக் வாழ்வில் ஓர் ஆட்டத்தை முழுமையாக வீசி முடித்தது அதுவே முதல் முறை.

2022 ஏப்ரல் 13 அன்று மினியாபோலிஸில் டாட்ஜர்ஸ் அணியின் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ்களில் 21 பேரையும் வெளியேற்றியிருந்தார். வீசியவை 80 பந்துகளே. மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் அவரை மாற்றினார். உரிமையாளர்களின் கதவடைப்பால் அவ்வாண்டுப் பயிற்சிக் காலம் சுருங்கியிருந்ததைச் சுட்டி, அந்த முடிவு சரியே என்று கெர்ஷாவும் ஏற்றுக்கொண்டார். அதே வாரத்தில் ஜப்பானிலும் இக்கேள்வி எழுந்தது. ஏப்ரல் 10 அன்று 19 ஸ்ட்ரைக் அவுட்களுடன் பெர்ஃபெக்ட் கேம் வீசிய 20 வயது ரோக்கி சசாகி, ஏப்ரல் 17 அன்று மீண்டும் எட்டு இன்னிங்ஸ் வரை ஒருவரையும் பேஸை அடைய விடவில்லை. ஆட்டம் 0-0 என இருந்தபோது, 102 பந்துகளுடன் அவர் திரும்ப அழைக்கப்பட்டார்.

இதன் விளைவாகப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு நோ-ஹிட்டர்கள் வழக்கமாகி வருகின்றன. 1956 உலகத் தொடரில் டான் லார்சன் தனியொருவராக பெர்ஃபெக்ட் கேம் வீசினார். உலகத் தொடரின் இரண்டாவது நோ-ஹிட்டர் 2022-இல் வந்தபோது, ஹூஸ்டன் அணியின் நால்வர் அதனைப் பகிர்ந்துகொண்டனர். 2024 செப்டம்பர் 4 அன்று பதிவான கடைசி நோ-ஹிட்டரும் கப்ஸ் அணியின் மூவர் சேர்ந்து வீசியதே.

சாதனையின் விலை

பழைய முறையே சிறந்தது என்று கூறிவிட முடியாது. 1965-இல் 335 இன்னிங்ஸ்களுக்கு மேல் வீசிய கோஃபாக்ஸ், முழங்கை மூட்டுவாதத்தின் வேதனையைத் தாங்கியே அவற்றை வீசினார். அடுத்த ஆண்டு 27 வெற்றிகளைப் பெற்ற கையோடு, 30 வயதிலேயே ஓய்வை அறிவித்தார். எத்தனையோ ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டியவரின் பயணம் உச்சத்திலேயே நின்றது.

2012 ஜூன் 1 அன்று நியூயார்க் மெட்ஸ் அணியின் யோஹான் சந்தானா, அந்த அணியின் அரை நூற்றாண்டு வரலாற்றில் முதல் நோ-ஹிட்டரை வீசினார். தோள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்பியிருந்த அவர் அன்று 134 பந்துகளை வீச நேர்ந்தது. அவரை மாற்றுவதா, வரலாற்றுக்கு வழிவிடுவதா என்று தவித்த மேலாளர் டெரி காலின்ஸ், ஆட்டத்துக்குப் பின் வெற்றிக் களிப்பைவிடக் கவலையையே அதிகம் வெளிப்படுத்தினார். அந்தப் பருவத்துக்குப் பிறகு சந்தானா மேஜர் லீக்கில் ஒரு பந்து கூட வீசவில்லை. அந்த ஒரே இரவுதான் அவரது தோளைப் பழுதாக்கியது என்று உறுதிபடச் சொல்ல இயலாது. எனினும், அடுத்து வந்த ஒவ்வொரு மேலாளரின் நினைவிலும் அந்த 134 என்ற எண் தங்கியிருக்கும்.

ஆகவே, வீரரின் கையைக் காப்பதற்காக ஒரு சாதனையைக் கைவிடும் மேலாளரைக் குறைகூறுவது நியாயமன்று. ஆனால், கைவிட்டதற்கு ஈடாகக் கைகள் உண்மையிலேயே காக்கப்பட்டனவா என்று கேட்பது நியாயமே.

இதற்கான விடை நிறைவளிப்பதாக இல்லை. பந்துவீச்சாளர்களின் காயங்கள் பெருகிவருவது குறித்து ஆராய்ந்த மேஜர் லீக் பேஸ்பால், 2024 டிசம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. வேகத்தையும் பந்தின் சுழற்சியையும் கூட்டுவதற்காக ஒவ்வொரு பந்தையும் உச்சபட்ச ஆற்றலுடன் வீசும் போக்கே காயங்களுக்கு முதன்மையான காரணம் என அது சுட்டிக்காட்டியது. 2008-இல் மணிக்குச் சுமார் 147 கிலோமீட்டராக இருந்த வேகப்பந்தின் சராசரி, 2024-இல் ஏறத்தாழ 152 கிலோமீட்டரை எட்டியது. அதாவது, பந்துவீச்சாளர்கள் முன்பைவிடக் குறைவாக வீசுகின்றனர். முன்பைவிட அதிகமாகக் காயமடைகின்றனர். ஐந்து இன்னிங்ஸ் மட்டுமே வீசப்போகிறோம் என்று அறிந்தவர் ஆற்றலைச் சேமித்து வைக்கத் தேவையில்லை. முதல் பந்திலிருந்தே முழு வலுவையும் செலவிடுகிறார். காப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட வரம்பே, கையை வருத்தும் வீச்சுக்கு இடமளித்துவிட்டது. எச்சரிக்கையுடன் வளர்க்கப்பட்ட சசாகியும் 2025-இல், டாட்ஜர்ஸ் அணிக்கு வந்த முதல் ஆண்டிலேயே, தோள் காயத்தால் பல மாதங்கள் ஆட இயலாமல் போனது.

இந்தியாவில் கிரிக்கெட் ரசிகர்களுக்கும் இந்த விவாதம் அயலானதன்று. 2025-இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தின் ஐந்து டெஸ்ட் ஆட்டங்களில் ஜஸ்பிரித் பும்ரா மூன்றில் மட்டுமே ஆடுவார் என முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. ஐந்திலும் வீசிய முகமது சிராஜ் 23 விக்கெட்டுகளைக் கைப்பற்றி, ஓவல் மைதானத்தில் ஆறு ரன்கள் வித்தியாசத்தில் கிடைத்த வெற்றிக்கு வித்திட்டார். ஒருவருக்குப் பொருந்தும் சுமை மற்றவருக்குப் பொருந்தாது என்பதையே அத்தொடர் காட்டியது. பேஸ்பாலில் 100 பந்துகள் என்ற எழுதப்படாத எல்லையை அனைவருக்கும் ஒன்றுபோல் விதிக்கும் வழக்கத்தின் மீதான ஐயமும் இதுவே.

இனி என்ன?

தொடக்கப் பந்துவீச்சாளர்களை நீண்ட நேரம் மேட்டில் நிறுத்துவதற்கான வழிகள் பரிசீலனையில் உள்ளன. குறைந்தது ஆறு இன்னிங்ஸ் வீசியாக வேண்டும் என்ற விதியைக் கொண்டுவருவது குறித்து 2024-இல் பேச்சு எழுந்தது. தொடக்கப் பந்துவீச்சாளரை மாற்றினால், அணிக்காகச் சிறப்பாக பேட் செய்யும் நியமன பேட்டரையும் இழக்க நேரிடும் என்ற விதி, 2021-இல் அட்லாண்டிக் லீக்கில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இத்தகைய விதிகள் நடைமுறைக்கு வந்தால், நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் வகையில் ஆற்றலைப் பங்கிட்டு வீசும் கலை மீண்டும் மதிப்புப் பெறக்கூடும். வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு ஒன்பது இன்னிங்ஸ் வீசுபவருக்கு ஊதியம் கிடைக்கும் என்றால், இளம் வீரர்களும் அவ்வாறே பயில்வர்.

அது இயலாத ஒன்றன்று என்பதற்கு 2025-இன் இறுதி மாதங்களே சான்று. கோப்பைக்கான இறுதிச் சுற்று ஆட்டங்களில் யமமோட்டோ, மில்வாக்கி அணிக்கு எதிராக ஒரு முறையும், உலகத் தொடரில் டொராண்டோ அணிக்கு எதிராக மறுமுறையும், அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களைத் தனியாளாக முழுமையாக வீசி முடித்தார். 2001-இல் கர்ட் ஷில்லிங்குக்குப் பின்னர் அந்தச் சுற்றில் எவரும் இதனைச் செய்ததில்லை. உலகத் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. முழு ஆட்டத்தையும் வீசும் திறன் மறைந்துவிடவில்லை. அதற்கான அனுமதியே சுருங்கியுள்ளது.

அடுத்த நோ-ஹிட்டர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கணக்கின்படி அது நெடுநாள் தாமதிக்காது. அது வரும்போது, ஹிட் விழுந்ததா என்பதோடு, 27-ஆவது அவுட்டை எடுத்தவரும் முதல் அவுட்டை எடுத்தவரும் ஒருவரேதானா என்பதையும் ரசிகர்கள் பார்ப்பார்கள். மேஜர் லீக் நிர்வாகம் விடை காண வேண்டிய கேள்வியும் அதுவே.